ஆடு பேசிய படம்

அன்றைக்கு என் வேனில் இருந்தவர்கள்: பிள்ளைகள் இருபத்தொரு பேர். பெண்பிள்ளைகள் பன்னிரண்டு, பையன்கள் ஒன்பது. பன்னிரண்டில் ஒருத்தி என் மகள். டீச்சர் ஒருவர். சத்துணவு சமைக்கிற அக்கா ஒருவர். ஓட்டியது நான். மொத்தம் இருபத்து நான்கு தலை. வண்டியோ பதினெட்டு சீட்டு.

ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அங்கிருந்து பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தித் தலையை எண்ணினேன். செய்துங்கநல்லூரில் போலீஸ் மறித்தால் என்ன சொல்வது என்று ஸ்ரீவைகுண்டத்திலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மறிக்கவில்லை. அப்படியும் பயம் போகவில்லை. என் சுபாவம் அது.

குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான உலகத் திரைப்பட விழா. நோட்டீஸைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். வேன் வாடகை மூவாயிரத்து எண்ணூறு, விழாக்காரர்கள் பொறுப்பு. இரண்டாயிரம் முன்பணமாகத் தந்துவிட்டார்கள். நோட்டீஸின் அடியில் ஒரு வரி இருந்தது: 'ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் கதை சொல்லப்படும்.' அந்த ஒரு வரியை நம்பித்தான் டீச்சர் பிள்ளைகளைக் கிளப்பினார். நானும் நம்பினேன்.

போய் இறங்கியதும் பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிற்க வைத்தார்கள். கையில் ஒரு பேனரைக் கொடுத்து, "எல்லாரும் கையை ஆட்டுங்க, சிரிங்க" என்று போட்டோ எடுத்தார்கள். வெயிலில் அரைமணி நேரம். என் மகள் இரண்டு கையையும் ஆட்டினாள். படம் பிடித்து முடித்ததும் பேனரை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கடைசி மூன்று வரிசைக்கு அனுப்பினார்கள். முன்வரிசைகளில் டவுன் குடும்பங்கள், மடியில் பாப்கார்ன் டப்பாவோடு.

விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒரு தம்பி மைக்கைப் பிடித்தான். "பனி மலையில் வாழும் ஒரு சிறுமிக்கும் அவளுடைய ஆட்டுக்குமான அன்பைச் சொல்லும் படம் இது" என்றான். மைக்கை வைத்துவிட்டுப் போய்விட்டான். அதுதான் அவர்கள் சொன்ன கதை. ஒரு வரி.

படம் தொடங்கியது. எந்த நாட்டுப் பாஷையோ தெரியவில்லை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. எங்கள் பிள்ளைகள் முதல் சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். எனக்கு அதுகூட வராது. இருட்டில் எந்தப் பிள்ளையாவது எழுந்து எங்கேயாவது போய்விடுமோ என்று நான் நடைபாதைப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்தார்கள்.

"என்னட்டி சொல்லுதா அவ?" என்று ஒரு பிள்ளை என் மகளிடம் கேட்டது.

என் மகளுக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே கதை கட்டிவிடுவாள். வீட்டில் பக்கத்து வீட்டுச் சண்டையை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு இரண்டு பக்கத்துக்கும் இவளே பேசிக் காட்டுவாள்.

"ஆட்ட வித்துட்டு வான்னு அவ அப்பா சொல்லுதாரு. இவ மாட்டேங்கா."

"ம்" என்றது கேட்ட பிள்ளை.

எங்கள் பக்கம் கதை சொன்னால் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். கேட்கிறவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும்.

"ஆட்ட இழுத்துக்கிட்டு சந்தைக்குப் போறா. ஆடு சொல்லுது, ஏட்டி, பைய நட, எனக்குக் கால் வலிக்குன்னு."

"ம்" என்றன நான்கைந்து குரல்கள்.

"அதுக்கு இவ சொல்லுதா, வாயப் பொத்திக்கிட்டு வா, உன்ன விக்கப்போற துக்கத்துல நானே இருக்கேன்னு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதற்குள் மூன்று வரிசையும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. நெளிந்தவர்கள் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வரிக்கும் இருபது வாய், ஒரே "ம்". சத்துணவு அக்காவும் சேர்ந்து உம் கொட்டினார். சும்மா சொல்லவில்லை, எனக்கும் படம் புரிந்தது. அந்த ஆட்டை அவள் விற்றுவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

முன்னாலிருந்து ஒரு அம்மா திரும்பினார். "கொஞ்சம் உங்க பசங்கள கன்ட்ரோல் பண்றீங்களா? காசு கொடுத்து வந்திருக்கோம்." அவர் மகன் பாப்கார்ன் டப்பாவைக் கரகரவென்று கிளறிக்கொண்டிருந்தான். அது சத்தமில்லை போல.

கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். விழா ஒருங்கிணைப்பாளர். வெளிச்சத்தை நேராக என் மகள் முகத்தில் அடித்தார்.

"யாரும்மா நீ? என்ன கத்திட்டிருக்க?"

"கத்தல சார். கதை சொல்லுதேன்."

"அந்தப் படத்துல ஆடு பேசவே இல்லை. நீயா ஏன் உளறுற?"

"நோட்டீஸ்ல கதை சொல்லுவோம்னு போட்டிருந்துச்சு சார். நீங்க சொல்லல, அதான்."

பின்வரிசையில் ஒரு பையன் பழக்க தோஷத்தில் "ம்" என்றான். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு இவளோட அப்பா?"

இந்த இடத்தை எழுதத்தான் கை வரவில்லை. நான் எழுந்தேன். எழுந்து, "நான்தான் சார், மன்னிச்சுக்கிடுங்க" என்றேன். என் மகளைப் பார்த்து, "வாய மூடுட்டி" என்றேன். சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பாக்கி வாடகை நினைப்பு, பதினெட்டு சீட்டில் இருபத்து நான்கு தலை ஏற்றிய நினைப்பு, போலீஸ் நினைப்பு எல்லாம் சேர்ந்து என் வாயில் அப்படி வந்தது. அவள் சொன்னதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. அவர்கள் செய்யாத வேலையை அவள் செய்தாள். அதை நான் சொல்லவில்லை.

"நீங்க வெளிய கூட்டிட்டுப் போயிருங்க அண்ணாச்சி. மத்தவங்க பாக்கணும்ல" என்றார். இருபத்தொரு பிள்ளைகள் மற்றவர்களில் சேர்த்தி இல்லை.

டீச்சர்தான் எழுந்தார். "எல்லாரும் வாங்கலே, போவோம்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

வண்டியில் ஏற்றித் தலையை எண்ணினேன். இருபத்து நான்கு. சரியாக இருந்தது. செய்துங்கநல்லூர் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பொறவு என்னாச்சுட்டி? ஆட்ட வித்தாளா?"

என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லுட்டி."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கடைசியில் வெட்கத்தை விட்டு நானே, "ம்" என்றேன். திரும்பவும், "ம்" என்றேன். அவள் வாயைத் திறக்கவில்லை. மூடச் சொன்னவன் நான்தானே.

ஒரு வாரம் கழித்துப் பாக்கி கேட்டுப் போனேன். ஒருங்கிணைப்பாளர் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு தாளை நீட்டினார். "சின்னக் கையெழுத்து அண்ணாச்சி. டிக்கெட் எடுத்தவங்க புகார் எழுதிட்டாங்க. ஃபைலுக்கு வேணும். போட்டுட்டு ரூபாயை வாங்கிக்கிடுங்க."

ஏழாம் வகுப்போடு நின்றவன்தான் நான். தமிழ் வாசிப்பேன். 'என் மகள் ஒழுங்கீனமாக நடந்து திரையிடலுக்கு இடையூறு செய்ததற்கு வருந்துகிறேன்' என்று இருந்தது. இரண்டு தடவை வாசித்தேன். இந்தத் தடவை பயம் வரவில்லை.

"சார், அந்த ஆட்ட கடைசில வித்தாளா, இல்லையா?"

"எந்த ஆட்ட?"

"படத்துல வந்த ஆட்ட."

அவர் சிரித்தார். "நான் எங்க அண்ணாச்சி படம் பார்த்தேன்? எனக்கு வெளிய ஆயிரம் வேலை."

"அப்போ படத்துல ஆடு பேசலன்னு உமக்கு யாருவே சொன்னா?"

அவர் சிரிப்பு நின்றது. தாளை மேசையிலேயே வைத்துவிட்டு, குடிக்காத டீயை அதன் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் மகள் இன்னும் பக்கத்து வீட்டுச் சண்டையைக்கூடப் பேசிக் காட்டுவதில்லை. கையெழுத்து நான் போடப்போவதுமில்லை. பாக்கி ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.