மீசை வைத்த வாய்

சலவைக்கடைக்காரர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். அதை அண்ணி கத்திரியின் தையல் கடைக்கே வந்து சைகையில் சொன்னாள். "நீ தினமும் வீடியோல எவனோ ஒரு ஆம்பளைகிட்ட கையை ஆட்டி ஆட்டிப் பேசுறியாம். தெருவே பேசுது."

கத்திரி சிரித்தபடி கையால் பதில் சொன்னாள். "அவர் என் வாய், அண்ணி. வாய்க்கு மீசை இருந்தா நான் என்ன பண்ண?"

துணி வெட்டுவதும் கையால், பேசுவதும் கையால் என்பதால் வந்த பட்டப்பெயர் 'கத்திரி'. பிறவியிலேயே காது கேட்காது. இருபது வருடமாக வெட்டு மேஜை அவளுடையது. ஒரு நூல் பிசகியதில்லை. ஒரு ஃபோன் போட மட்டும் அண்ணிக்கு எப்போது ஒழியும் என்று காத்துக்கிடந்தாள். இந்த வீடியோ சைகைச் சேவை வந்ததும் அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. திரையில் இருப்பவர் அவள் சைகையைப் பார்த்து எதிர்முனையில் பேசுவார். அங்கே சொல்வதைச் சைகையாக்கித் தருவார். அவள் சொல்வதை 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி.

இன்று அந்த விதியே வினையானது. அம்மாவின் இதய அறுவைக்குக் கிடைத்த தேதியை ஐந்து மணிக்குள் மகள் ஃபோனில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இன்னும் நான்கு மாதம். மருத்துவமனையோ மூன்று மணி நேரப் பயணத்தில்.

"வணக்கம், நான் அவங்க பொண்ணு பேசுறேன்" என்றது மீசைக் குரல்.

"பொண்ணா? வேற வேலை இல்லையா உனக்கு?"

மருத்துவமனையில் ஃபோனைத் துண்டித்துவிட்டார்கள். திரைக்காரர் ஒரு சொல் விடாமல், அந்த எரிச்சலையும் முகத்தில் சேர்த்தே சைகையில் காட்டினார். இரண்டாம் முறை சேவையைப் பற்றி விளக்கினார்.

"பேச முடியாதவங்க எதுக்குக் கூப்பிடுறாங்க? பேசத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடச் சொல்லுங்க."

மறுபடியும் துண்டித்துவிட்டார்கள். கத்திரிக்குப் பற்றி எரிந்தது. அறுவைக்கான படிவத்தில் 'மகள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'காது கேளாது' என்று தன் கையால் எழுதியிருந்தாள். அதை வாங்கி முத்திரை குத்தியதும் இதே மருத்துவமனைதான்.

"நான்தான் நீன்னு சொல்லிப் பேசிடட்டுமா?" அண்ணி தன் ஃபோனை எடுத்தாள்.

"நிஜத்தைச் சொன்னா வைக்கிறாங்க. பொய் சொன்னா தேதி குடுப்பாங்க, இல்ல?" கத்திரி அறைந்ததில் மேஜை அதிர்ந்து சாக்குக்கட்டி உருண்டது. "இன்னும் ஒரே தடவை. அதுக்கப்புறம் பொய்யே சொல்லுங்க."

மணி நாலு ஐம்பத்திரண்டு. திரையில் அவர் விரல்களைக் குலுக்கிக் காட்டினார்: அங்கே ஃபோன் அடிக்கிறது. மறுபடி குலுக்கினார்: அடிக்கிறது. கத்திரி தன் கைகளை நெஞ்சுக்கு நேரே தயாராகத் தூக்கி வைத்திருந்தாள். அவர் மறுபடியும் குலுக்கினார்.