ஈப்போவில் நான் தூங்கிய தூக்கம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது இது. என் வீட்டுக்காரருக்குக் குடலில் கட்டி என்று ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். அவர் லோரி ஓட்டுபவர். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போனபோதுகூடப் பதறாத மனுஷன், ஆப்பரேஷன் என்றதும் சின்னப் பிள்ளையாகிவிட்டார். "நீ வாசல்ல நின்னு துன்னூறு பூசுனாத்தான் நான் உள்ள போவேன்" என்று டாக்டர் முன்னாலேயே அடம் பிடித்தார். சரி, நிற்கிறேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அவரை விட்டு நகரவில்லை. பகலில் நாற்காலி, இரவில் வார்டுக்கு வெளியே பெஞ்சு. கால் வீங்கிவிட்டது. எதிரில் நின்று பேசுபவர் குரல்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. அசதி என்றால் அப்படி ஒரு அசதி, அழக்கூடத் தெம்பில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "மா, நீயும் படுத்துட்டா யாரும்மா ரெண்டு பேரையும் பாக்குறது?" என்று சொல்லி, அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறை போட்டுவிட்டாள். ஆப்பரேஷன் மறுநாள் சாயங்காலம்தான். என் வீட்டுக்காரரும், "போய்ப் படுத்துட்டு வாயேன்லா" என்றார். அரை மனசோடு கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் அது ஹோட்டல் இல்லை, சீன ராஜா வீடு! முழு நிலா மாதிரி வட்டமாக ஒரு வாசல், சிவப்புக் கூண்டு விளக்குகள், ஆள் உயரத்துக்கு நீலப் பூப் போட்ட ஜாடிகள். நடுவில் நான், பிளாஸ்டிக் பையில் ஒரு கைலியோடும் துண்டோடும். வேறு நாளாக இருந்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருப்பேன். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. படுக்க இடம் கேட்டால் அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறார்களே!

அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கம்பளம் விரித்த இடத்தில் செருப்போடு நடக்க எனக்கு மனசு வராது. உள்ளே கறுப்பு மரத்தில் கூரை வைத்த கட்டில், சுற்றிலும் பூவும் பறவையுமாகச் செதுக்கியிருந்தார்கள். ஆனால் கால்மாட்டுச் சுவரில் ஒரு மாடம், அதற்குள் வெள்ளைப் பீங்கானில் ஒரு சீன அம்மன். அழகுக்கு வைத்தது என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் சாமி சாமிதானே. நாளைக்குப் புருஷனைக் கத்திக்குக் கொடுக்கப் போகிறவள் இன்றைக்குச் சாமிக்கு நேராகக் காலை நீட்டுவாளா? தலையை மாற்றி வைக்கலாம் என்றால் அந்தப் பக்கம் வடக்கு. அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் குறுக்காகப் படுத்துக் கைலியைப் போர்த்திக்கொண்டேன். அவ்வளவுதான் ஞாபகம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பின்னால் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. மறுநாள் காலையில் முதலில் போகவேண்டிய நோயாளிக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதாம். அந்த இடத்துக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் தள்ளுவண்டியில் ஏற மறுத்துவிட்டார். இவர் ஏறாவிட்டால் அடுத்த ஆள், சாயங்கால இடமும் கிடையாதாம், பிறகு எந்தத் தேதி கிடைக்குமோ. வார்டில் சத்தம் போடக் கூடாது என்று நான் போனை ஊமையாக்கி வைத்ததோடு சரி. என்னைப் பிடிக்க முடியாமல் மகள் ஹோட்டலுக்குப் போன் போட்டாள். வரவேற்பில் இருந்தவர் வந்து தட்டி, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. "அறையில ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா எங்கே போனாள் என்று அங்கே என் பிள்ளை ஓவென்று அழுதிருக்கிறாள்.

போனில் அவள் அழுகுரலைக் கேட்டு ஹோட்டல் மேற்பார்வையாளர் மேலே ஏறி வந்தார். என் வயசு இருக்கும் சீனப் பெண், எங்கள் சுங்கை சிப்புட்டிலேயே தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். வாசலில் என் செருப்பைப் பார்த்ததும் நேராக உள்ளே வந்து கட்டிலைச் சுற்றிப் பார்த்திருக்கிறார்.

"அக்கா! பாங்குன், பாங்குன்! எந்திரிங்க! அண்ணே தேடுறாரு!"

தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தேன். முகம்கூடக் கழுவவில்லை. அவரே தம் காரில் என்னை ஏற்றிக்கொண்டார்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றேன்.

"செருப்ப வெளிய வச்சிட்டு வெறுங்கால்ல எங்க போவீங்க? எங்க வீட்டுலயும் அப்படித்தான்லா."

"வாக்குக் குடுத்துட்டுத் தூங்கிட்டேனே..." என்று நான் அழுதேன். அவர் ஹாரனை அழுத்திக்கொண்டே, "தூக்கம் வந்தா தூங்கணும்லா. அழாதீங்க" என்றார்.

வார்டில் என் வீட்டுக்காரர் கட்டில் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தள்ளுவண்டியோடு ஒரு நர்ஸ், முகமெல்லாம் கோபம். இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தபடியே அவர் நெற்றியில் துன்னூறு பூசினேன். அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். தலையணையிலிருந்து நழுவிப் படுத்ததில் கன்னத்தில் கம்பளத் தடம் அப்படியே இருந்திருக்கும்.

"தூங்குனியா?"

"தூங்கிட்டேங்க."

"நல்லா?"

"ம்."

"அப்ப சரி. போலாம்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, யாரும் பிடிக்காமல் அவரே வண்டியில் ஏறிப் படுத்தார். ஆப்பரேஷன் அறைக் கதவு மூடிய பிறகு நான் அழுத அழுகை அந்தக் கட்டடத்துக்கே கேட்டிருக்கும்.

கும்பிட்ட சாமி கைவிடவில்லை. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுவதை விட்டுவிட்டார், இப்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் குழம்பில் உப்புக் குறை சொல்கிறார். சொல்லட்டும்.

எங்கள் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்கத் தமிழ், மலாய், சீனம் என்று மூன்று மொழியிலும் ஆள் உண்டு. தூங்கினாயா என்று அன்றுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் மடியில் பையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால், உள்ளே இருப்பவருக்கு என்ன என்று விசாரிப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன். பாதிப் பேர் அழுதுவிடுகிறார்கள்.