மணிக்கட்டில் கட்டிய பட்டு நூல்

என் தறியின் பலகையில் ஒரு முழம் சிவப்புப் பட்டு நூல் கட்டியிருக்கிறது. பார்ப்பவர்கள் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நாற்பத்தொரு வயதில் மாலைக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்தேன். பகலெல்லாம் குழித்தறி, மாலையில் பெஞ்சில் தூக்கம். ஒரு நாள் இசை அறையிலிருந்த பழைய ஆர்மோனியத்தை நகர்த்த ஆள் தேடினார்கள். காலால் மிதித்துக் காற்று ஏற்றும் பெரிய பெட்டி. “அங்கிள், ஒரு கை புடிங்க” என்றார்கள் பையன்கள். பிடித்தேன். மூச்சு வாங்க அதன் முன்னால் உட்கார்ந்ததுதான் தாமதம், கால்கள் தாமாக மிதிக்கத் தொடங்கின. விரல் ஒரு கட்டையில் பட்டது. எழுந்த ஒலி என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ வருடம் தறிக்குழியில் மிதித்திருக்கிறேன். தறி ஒருநாளும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை.

இசை ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லாருக்கும் மேடம், எனக்கும் மேடம். “அண்ணா, உங்களுக்குக் கால் இருக்குது. கைதான் இல்ல” என்றார். கல்லூரி விழாவில் பாடும் குழுவுக்கு வாசிக்க ஆளில்லை. அந்த இடம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். பெண் கேட்டுப் போனதற்குப் பிறகு வெட்கத்தை விட்டு நான் கேட்டது அதைத்தான். “விழாவுக்குள்ள கை அடங்கினா நீங்க. இல்லன்னா போன்ல ட்ராக் போட்டுக்கலாம்” என்றார் மேடம்.

அடங்குவதாவது! பாட்டில் ஒவ்வோர் அடி முடிந்ததும், தறியில் இழையை நெருக்கப் பலகையை இழுத்து அடிப்பதுபோல, இடது கை வெடுக்கென்று நெஞ்சுக்கு வந்தது. ஒருமுறை மூக்குக்கண்ணாடியே பறந்தது. “அங்கிள், பாட்டை நெய்றீங்களா?” என்றாள் முன்வரிசைப் பெண். எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன். மறுநாள் வீட்டிலிருந்து சிவப்புப் பட்டு நூல் கொண்டுபோய், கட்டைகளுக்கு மட்டும் எட்டும்படி இடது மணிக்கட்டைப் பெட்டியின் கைப்பிடியோடு கட்டிக்கொண்டேன். கை இழுத்தது. நம்மூர் நூல் அறுமா? கைப்பிடி கழன்று வந்தது. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கைப்பிடியை முடுக்கிவிட்டு, நூலைப் பக்கச் சட்டத்தில் கட்டி, மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்கினேன். விழா வரைக்கும் தினமும் அப்படித்தான்.

விழா அன்று மேடைக்குப் பின்னால் மணிக்கட்டில் நூலைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். மேடம் கத்தரிக்கோலோடு வந்தார். “வேணாம் மேடம், கை ஓடிடும்” என்றேன்.

“ஓடட்டும். நீங்க உங்க கையையே பாத்துக்கினு இருக்கீங்கண்ணா. புள்ளைங்க மூச்சு வாங்கறத கேளுங்க.” நூலை நறுக்கிவிட்டார்.

முதல் அடி முடிந்தது. கை கிளம்பப் பார்த்தது. அப்போதுதான் கேட்டேன், அத்தனை பேரும் ஒன்றாக மூச்சை உள்ளிழுக்கும் ஒலியை. அடுத்த அடிக்கு என்னை நம்பி நின்றார்கள். கை கட்டைமேலேயே இருந்தது.

மேடம் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். பட்டம் வாங்கிய பிறகும் மாலைதோறும் கல்லூரிக்குப் போகிறேன். குழுவுக்கு இன்றும் நான்தான் வாசிக்கிறேன். தொல்லை இப்போது தறியில். நெய்துகொண்டிருக்கும்போதே இடது கை, யாரோ மூச்சு வாங்கட்டும் என்பதுபோல, அந்தரத்தில் நின்றுவிடுகிறது. நேற்று என் மனைவி அந்தச் சிவப்பு நூலைத் தொட்டுக் காட்டினாள்.

“இன்னாங்க, கையப் பலகையோட கட்டிடவா?”

“தாராளமா கட்டு. சாயங்காலம் மட்டும் அவுத்து வுட்டுடு” என்றேன்.