முழுகாத ஆறு மாதம்

மண்ணூர்பேட்டை கெங்கம்மாளுக்கு வைத்தியப் படிப்பு நன்றாக வந்தது. உரக்கப் பேசத்தான் வரவில்லை. பூந்தமல்லிச் சாலையோரத்து ஆஸ்பத்திரியில் முதல் ஆறு மாதப் பயிற்சி முடிந்து, வெள்ளைக்காரப் பெரிய டாக்டரான துரை வைத்த பரீட்சையில் அவள் நோயைச் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது அவள் காதுக்கே எட்டவில்லை. "தயக்கம். தேறவில்லை" என்று துரை தன் நோட்டில் எழுதிவிட்டார்.

1934-ஆம் வருஷம் ஆடி மாதம் இரண்டாவது பரீட்சை. இதிலும் தவறினால் டாக்டர் என்று கையெழுத்துப் போட முடியாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் அண்ணன் வயலில் களை பறிக்க வேண்டியதுதான்.

ஒரு நோயாளி, இருபது நிமிஷம். விசாரித்து, தொட்டுப் பார்த்து, என்ன நோய், என்ன சிகிச்சை என்று துரையிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவளுக்கு வாய்த்தவள் குத்தம்பாக்கத்து வேம்புலியம்மாள். நாற்று நடுகிறவள், நாற்பது வயதைத் தாண்டியவள், பிள்ளை இல்லாதவள். பரீட்சை நாளில் கட்டில் சீட்டை எடுத்து மறைத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு நர்ஸ் மறந்துவிட்டாள். துரையின் கையெழுத்திலேயே அதில் இருந்தது: 'வயிற்றில் கட்டி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆறு மாதமாகக் குளிக்கவில்லை. தினம் இரண்டு வேளை குளிப்பாட்டவும்.'

அதை அப்படியே ஒப்பித்தால் போதும், தேறிவிடலாம்.

"இன்னாம்மா, நீயும் குளிப்பாட்டத்தான் வந்துகினியா?" என்று வேம்புலியம்மாள் சீறினாள். "ரெண்டு நாள்ல நாலு வாட்டி ஊத்திட்டாளுங்க. தேச்ச தேப்புல தோலே உரிஞ்சிகினு வந்துடுச்சு. நாறுதான்னு நீயே மோந்து பாரு!"

கெங்கம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஆறு மாசமா குளிக்கலன்னு நீதான சொன்னியாம்?"

"நான் எங்க சொன்னேன்? முழுகலன்னு சொன்னேன்."

கெங்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாதவிலக்காகி மூன்று நாள் கழித்துத் தலைமுழுகுவார்கள். முழுகவில்லை என்றால் விலக்கே வரவில்லை என்று பொருள். அது பெண்கள் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்கிற சொல்.

"அத்த ஏன்க்கா பெரிய டாக்டராண்ட வெவரமா சொல்லல?"

"வயசாயிடுச்சு, நின்னுபூடுச்சு. இத்தப் போயி ஆம்பளைங்களாண்ட இன்னான்னு சொல்றது?"

"வயித்துல எதுனா பொரளுதா?"

"வாய்வுதான். நின்னா ஒதைக்குது, குந்தினா ஒதைக்குது."

"வாய்வு ஒதைக்குமாக்கா?"

வேம்புலியம்மாள் புடவையை ஒதுக்கிவிட்டு மல்லாந்து படுத்தாள்.

கெங்கம்மாள் மரக்குழலை அவள் வயிற்றில் ஊன்றிக் காதை வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. இடப்பக்கம் நகர்த்தினாள். அங்கே இருந்தது. மெல்லிய, விடாத, அவசரமான துடிப்பு. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நூற்று நாற்பது. வேம்புலியம்மாளின் கைநாடியைப் பிடித்தாள். எண்பதுதான். உள்ளே துடிப்பது இவளுடைய இதயம் அல்ல.

துரை வந்தார். பின்னால் கம்பவுண்டர் கன்னியப்பன். நோயாளிகள் சொல்வதைத் துரைக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது அவன்தான்.

"என்ன நோய்?"

கெங்கம்மாள் சொன்ன முதல் சொல் அவள் காதுக்கே எட்டவில்லை. சீட்டைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான்.

"நோயே இல்லை, ஐயா. ஆறு மாதக் கர்ப்பம். ஆபரேஷன் கூடாது." வார்டின் கடைசிக் கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். அவ்வளவு சத்தம்.

துரையின் முகம் சிவந்தது. "கட்டி என்று எழுதியது யார், தெரியுமா?"

"தெரியும். நீங்கள்தான். அது தவறு." குழலை நீட்டினாள். "தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கம். கேட்டுப் பாருங்கள்."

துரை குனிந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. குழலைத் துடைத்து மறுபடியும் வைத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து கன்னியப்பனைப் பார்த்தார். "குளிக்கவில்லை என்றாயே?"

கன்னியப்பன் தலையைச் சொறிந்துகொண்டு கெங்கம்மாளிடம் முணுமுணுத்தான்: "முழுகலன்னா இன்னான்னு எனக்குத் தெரியாமலா கீது டாக்டரம்மா? நாலு புள்ளையப் பெத்தவன். பொம்பளைங்க சமாசாரத்தத் தொரையாண்ட எப்பிடி சொல்றது? அதான் பழியத் தண்ணி மேல போட்டுட்டேன்."

கெங்கம்மாள் அதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். துரை சிரிக்கவில்லை. கட்டில் சீட்டைக் கழற்றி நான்காகக் கிழித்தார். நோட்டை எடுத்து, "தேறினார்" என்று எழுதி, அவள் படிக்கும்படி திருப்பிக் காட்டினார். வெற்றுச் சீட்டு ஒன்றையும் தன் பேனாவையும் அவளிடம் கொடுத்தார்.

"நீங்களே எழுதுங்கள், டாக்டர்."

"இன்னாம்மா சொல்றான் தொர? அறுக்கறானா, இல்லியா?" என்று வேம்புலியம்மாள் கெங்கம்மாளின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

கெங்கம்மாள் குனிந்து சொன்னாள். வேம்புலியம்மாள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு கட்டிலைவிட்டு இறங்கி ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே புளியமரத்தடியில் புருஷன் துலுக்கானம் குந்தியிருந்தான்.

"யோவ்! கட்டியும் இல்ல, வாய்வும் இல்ல! புள்ளயாம்யா!"

வார்டே எழுந்து நின்றது. அந்தக் கூச்சலுக்கு நடுவே கெங்கம்மாள் நிதானமாக எழுதினாள்: 'ஆறு மாதக் கர்ப்பம். தாயும் சேயும் நலம்.' கீழே 'டாக்டர்' என்று தொடங்கிப் போட்ட கையெழுத்து, சீட்டில் மீதியிருந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டது.