அட்ராக்டா இறக்கிய திரை

எங்கள் அயர்லாந்தில் நாடக விழா என்றால் நாடகம் முடிந்ததோடு போகாது. நடுவர் மேடையேறி, ஊரே கேட்க நம் குறைகளை எடுத்து வைப்பார். வேஷம் கலைக்காமல் திரைக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்று கேட்க வேண்டும். எதிர்த்துப் பேசுகிற வழக்கமே கிடையாது. நானோ கறிக்கடைக்காரன், முன்கோபி. எத்தனையோ வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்தில் அட்ராக்டா கெராட்டி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

அவள்தான் எங்கள் கில்டாரா நாடகக் குழுவின் ஸ்டேஜ் மேனேஜர். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். அவள் ஆஸ்திரேலியாவிலிருக்கும் தங்கை வீட்டோடு போய்ப் பதினோரு வருஷமாகிறது. இன்றைக்கும் எந்த ஊர் மேடைக்குப் போனாலும் பின்பக்கம் என் கண் அவளைத்தான் தேடுகிறது.

நாடகம் தொடங்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு, மார்ச் மாதக் குளிரில் வெறுங்காலோடு மேடையின் பின்புறம் முழுக்க நடப்பாள். ஆணியோ ஒயரோ, முதலில் அவள் காலில்தான் தட்டுப்பட வேண்டும். "இருட்டுல நீங்க பாட்டுக்கு ஓடுவீங்க. எவனாவது விழுந்து தொலைச்சா உங்க அம்மாவுக்கு நானில்ல பதில் சொல்லணும்" என்பாள். எங்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்து, அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தாள்.

இப்படி இருபத்திரண்டு வருஷம். நடுவர்கள் என் குரலைத் திட்டினார்கள். என் ஒட்டு மீசையைக்கூட ஒரு புண்ணியவான் பாராட்டினார். அவளைப் பற்றி ஒருவரும் மூச்சு விட்டதில்லை. ஒருநாள் ஒத்திகையில் தேநீர் குடிக்கும்போது வாய்விட்டே சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை அந்த மேடையில என் பேரைச் சொல்லிக் கேட்டுடணும், கோல்மன். சிரிக்காதய்யா."

"சிரிக்கலம்மா. யாரும் விழலைன்னா உன் வேலை யார் கண்ணுல படும்? வேணும்னா நான் ஒரு தடவை விழட்டுமா?"

"விழுந்துதான் பாரேன். எழுந்திரிக்கிறதுக்குள்ள நானே ஏறி மிதிக்கிறேன்."

சொல்லிவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் இரண்டு விழாக்களில் முதலாவதாக வந்திருந்தோம். மூன்றாவதிலும் ஜெயித்தால் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி. எனக்கு வீட்டைவிட்டுப் போகும் அப்பா வேஷம். கடைசி வசனத்தைப் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறி, மேல்கதவைத் திறந்து போய்விட வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் நான் இறங்க, தனியாகக் கொண்டுவந்து வைத்த ஒரு மரப்படிக்கட்டு. அது நகராமலிருக்க அதன் காலில் அட்ராக்டா மணல் மூட்டை வைத்திருந்தாள்.

இடைவேளையில் எனக்கு முழங்கால் வலி. நாற்காலி போட இடமில்லை. அந்த மூட்டையை மூலைக்கு இழுத்து, அதன்மேல் உட்கார்ந்தேன். மணி அடித்ததும் அப்படியே எழுந்து மேடைக்குப் போய்விட்டேன்.

கடைசிக் காட்சி. பாதிப் படியில் நிற்கிறேன். சபையில் ஊசி விழுந்தால் கேட்கும். வசனம் வாயில் இருக்கும்போதே தடாலென்று திரை இறங்கியது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்று திரைக் கயிற்றோடு நின்ற அட்ராக்டாவைப் பார்த்துக் கத்தினேன். "பொறந்ததுலேருந்து இன்னைக்குத்தான்டி ஒழுங்கா நடிச்சேன். அதுலயும் மண்ணைப் போட்டுட்டியே!"

அவள் படியேறி, மேல்கதவைத் திறந்து டார்ச்சை அடித்தாள். மரப்படி ஒரு முழம் விலகிக் கிடந்தது; பக்கவாட்டில் நின்ற அவள் அதைக் கண்டிருக்கிறாள். கீழே எட்டடி ஆழத்தில் சிமெண்டுத் தரை. டார்ச் வெளிச்சம் மெல்ல நகர்ந்து மூலையில் கிடந்த மூட்டையில் நின்றது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். படியைச் சேர்த்து, மூட்டையைத் தானே தூக்கி வைத்தாள். மூன்று நிமிடத்தில் திரை மறுபடி ஏறியது.

நடுவர் விடுவாரா? "ஒரு நடிகன் உச்சத்துல நிக்கிறப்போ திரையை இறக்குன கை யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. அந்தக் கைக்கு நாடகம்னா என்னன்னு தெரியாது, அது மட்டும் தெரியுது" என்றார். சபை கொல்லென்று சிரித்தது.

"என்னக்கா, கயிறு நழுவிடுச்சா?" என்று எங்கள் ஆள் ஒருவன் கடுப்பாகக் கேட்டான்.

"ஆமாப்பா, நழுவிடுச்சு" என்றாள்.

நான் பக்கத்திலேயே கல்தூண் மாதிரி நின்றேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று அந்த வாரம் முழுக்க ஓடிப்போனது. நடுவர் பேச்சு உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. "ஏம்மா, பஸ்ஸையும் இப்படித்தான் நட்டநடுவுல நிறுத்துவியா?" என்று பிள்ளைகளை ஏற்றிவிட வந்தவர்கள் அவளைக் கிண்டல் செய்தார்கள். என் கடை வாசலில்தான் பஸ் நிற்கும். எல்லாம் என் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பரிசளிப்பு. இரண்டே மதிப்பெண்ணில் இறுதிப் போட்டி கைநழுவிப் போனது. ஆனால் சிறந்த நடிகர் கோப்பை எனக்கு. மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அதே நடுவர் முன்வரிசையில் இருந்தார். சுவரோரமாக அவள் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் என் தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. அதைச் சொன்னால் திரை ஏன் இறங்கியது என்று சொல்ல வேண்டும், மூட்டையையும் சொல்ல வேண்டும். கோப்பை நல்ல கனம். விளக்குப் போட்டவனுக்கு நன்றி சொன்னேன், உடை தைத்தவளுக்குச் சொன்னேன், சாண்ட்விச் செய்த பெண்களுக்குக்கூடச் சொன்னேன். சனம் எழுந்து நின்று கைதட்டியது.

ஓரத்துப் படி வழியாக இறங்கப் போனால், கீழே டார்ச்சோடு அவள்.

"கோப்பையை இந்தக் கையில மாத்திக்கோ, அந்தக் கையைக் குடு. படி வழுக்குது, பாத்து இறங்கு."

கையைக் கொடுத்தேன். அன்றைக்குத் திரைக் கயிறு உரித்த அவள் உள்ளங்கை இன்னும் ஆறியிருக்கவில்லை.