புளியோதரையும் முன்வரிசையும்

திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானம் இன்னும் கிளம்பக்கூட இல்லை. பின்னால் யாரோ புளியோதரையைத் திறந்துவிட்டார்கள். நல்லெண்ணெயும் பெருங்காயமும் மூக்கில் ஏறியதுமே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சிரிக்காதீர்கள். ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு அந்த வாசனையில் கோயில் ஞாபகம் வரவேண்டும். எனக்கு உயிர்ப்பயம் வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் செலவில் பறந்தபோது, தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் நீட்டுவார்கள். பதற்றத்தில் இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டவன் நான். அப்புறம் மலிவு டிக்கெட் வந்தது. நூறு ரூபாய் குறைவு என்றால் நாமெல்லாம் அந்தப் பக்கம் ஓடினோம். நாம் ஓட ஓட மிட்டாய் போயிற்று, பஞ்சு போயிற்று, சாப்பாடு போயிற்று. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து உட்காரவும் தனிக் காசு என்றார்கள்.

என் மனைவி கோமளா, காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரரையே கண்கலங்க வைத்தவள். இதற்கா மசிவாள்?

"எங்க உக்காந்தா என்னங்க? நீங்க மெட்ராஸ் போறப்ப நான் மட்டும் மதுரைக்கா போயிடுவேன்?"

அவள் முன்னால், நான் வால் பக்கம். அங்கே சாப்பாடும் விலைக்குத்தான் என்பதால் ஆளுக்கொரு டப்பா புளியோதரை. விமானம் ஓடத் தொடங்கியதும் நான் ரங்கநாதரைக் கூப்பிட்டேன். கைக்குக் கிடைத்தவர் பக்கத்து இருக்கைப் பாலக்கரை பாய்.

"புடிச்சுக்கங்கண்ணே, பரவால்ல. நகத்த மட்டும் எடுத்துருங்க."

இறங்கியதும் அவர் கோமளாவிடம், "அண்ணி, இனிமே அண்ணன உங்க பக்கத்துலயே வச்சுக்கங்க" என்றார்.

"அதுக்குக் காசு கேக்குறாங்களே, பாய்!"

காசில்லாத வழி ஒன்றை அவளே கண்டுபிடித்தாள். அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும், கதவைச் சாத்தியதும், எங்கோ முன்னால் எழுந்து நின்று திரும்புவாள். டப்பாவைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவாள். நானும் என் டப்பாவைத் தூக்குவேன். "மேடம், ப்ளீஸ், உக்காருங்க" என்று பணிப்பெண் ஓடிவருவதற்குள் என் படபடப்பு பாதி இறங்கியிருக்கும். பஞ்சும் மிட்டாயும் தந்த காலத்தில்கூட எனக்கு அப்படியொரு கவனிப்பு கிடைத்ததில்லை.

கோமளா இறந்தபின் இதுதான் முதல் பயணம். சென்னையிலிருக்கும் மகள்தான் டிக்கெட் போட்டாள்.

"சீட்டுக்குக் காசு கட்டிட்டேன்ப்பா. முத வரிசை. நல்லா காலை நீட்டிக்கலாம்."

நீட்டிக்கொண்டேன். இடம் தாராளமாகத்தான் இருந்தது. மடியில் டப்பா இல்லாததால் கையை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை. கதவைச் சாத்தினார்கள். பழக்கதோஷம், சட்டென்று நிமிர்ந்து முன்னால் பார்த்தேன்.

முதல் வரிசைக்கு முன்னால் வெறும் சுவர்தான் இருந்தது.