அத்தானின் பெயர் இல்லாத வரிப் படிவம்

அத்தான் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டே தலைவரியை ஆதரித்துப் பேசிய அந்தச் சனிக்கிழமைக் காலை நன்றாக நினைவிருக்கிறது. லண்டனில், பிளேஸ்டோவில் மூன்று அறை வீடொன்றில் ஒன்பது ஆண்கள் இருந்தோம். அதுவரை வீட்டுக்கு இவ்வளவு என்று கவுன்சில் என்ற உள்ளூராட்சிக்குக் கட்டி வந்த வரியை அரசாங்கம் ஆளுக்கு இவ்வளவு என்று மாற்றியிருந்தது. மாளிகையில் தனியே இருக்கும் துரைக்கும், ஓர் அறையில் மூன்று பேராகப் படுக்கும் எங்களுக்கும் ஒரே தொகை. வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்து எங்களுக்கு இடம் தந்திருந்த அண்ணை கொதித்துப் போயிருந்தார்.

"சம்பளத்தைப் பாத்துப் போடுறதுதான் வரி. தலையை எண்ணிப் போடுறது என்ன வரி?" என்றார்.

"குப்பை அள்ளுறான், ரோட்டுக்கு லைட் போடுறான். ஒன்பது பேரும்தானே பாவிக்கிறம் அண்ணை. என்ரை பேரை எழுதுங்கோ, நான் கட்டுறன்," என்றார் அத்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தபோது துண்டுச்சீட்டு இல்லாமல் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்கூட வெளியே போக விடாதவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் வேறொருவரின் பெயரில் ஷிப்ட் செய்தார். அது அவருக்குப் பெரிய வெட்கம். ஏதாவது ஒரு தாளிலாவது தன் சொந்தப் பெயர் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கல்லூரிக்குப் போகிறவன் என்பதால் படிவம் நிரப்பும் வேலை என்னுடையது. இரண்டு பெயர்களை எழுதினேன். ஒன்று அண்ணையுடையது, மற்றது என்னுடையது. மாணவனுக்கு வரியில் ஐந்தில் ஒரு பங்குதான். மற்ற ஏழு பேரையும் விடச் சொன்னது அண்ணை. அத்தானை விட்டதற்கு எனக்கென்று ஒரு காரணமும் இருந்தது. ஊரிலிருந்த அக்காவுக்கும் மகளுக்கும் காசு அனுப்பிவிட்டு அவர் பாணும் பருப்புமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். கேட்டால் சம்மதிக்கமாட்டார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

"எனக்கு இன்னும் பில் வரேல்லையே," என்று ஒருமுறை கேட்டார்.

"வரும் அத்தான்," என்றேன்.

பிறகு ஊர்வலம், கலவரம் என்று நகரமே எதிர்த்ததில் அரசாங்கம் அந்த வரியையே கைவிட்டது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

சில ஆண்டுகள் கழித்து அக்காவையும் மகளையும் கூப்பிட அத்தான் விண்ணப்பித்தார். அவர் தொடர்ந்து இங்கேதான் இருந்தார் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். வேலைத் தாள்களில் அவர் பெயர் இல்லை. தலைவரிப் பதிவில் பெயர் இருந்தாலே போதும் என்றார் வழக்கறிஞர். அத்தான் முகம் தெளிந்தது. கவுன்சிலுக்கு எழுதினார். அந்த முகவரியில் அப்படி ஒருவர் பதிவில் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அப்போதுதான் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். "நீர் நல்லதுக்கெண்டுதானே செய்தனீர்," என்றார். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. எழுந்து போய்த் தேத்தண்ணீர் வைத்தேன்.

வேறு சாட்சிகள் தேடி, கோப்பு அசைந்து அனுமதி வரும்போது மகளுக்குப் பதினெட்டு கடந்துவிட்டது. அக்கா மட்டும் வரலாம் என்றார்கள். சண்டை நடக்கும் இடத்தில் மகளைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அக்கா எழுதினாள். இருவருக்குமென்று அத்தான் எடுத்து வைத்திருந்த இரண்டு அறை பிளாட்டில், மகளின் கட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது.

நான் இப்போது லண்டனிலேயே குட்மேய்ஸில் இருக்கிறேன். எந்த வரி நியாயம் என்று நண்பர்கள் வாதம் செய்தால் வாய் திறப்பதில்லை. அக்கா வரமாட்டேன் என்று எழுதிய அந்த ஆண்டு அத்தானின் மேசைக்கு முன் உட்கார்ந்திருந்தேன். புதிய வரி மறுபடியும் வீட்டுக்குத்தான். ஆனால் தனியே இருப்பவருக்குக் கால்பங்கு கழிவு உண்டு. அந்தப் படிவத்தையும் அவர் என்னிடமே தந்தார். வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது.

"உள்ளதை எழுதும்," என்றார்.

அவருடைய முழுப் பெயரையும் எழுதி, ஒன்று என்று போட்டு, கையெழுத்துக்கு நீட்டினேன்.